ஐந்து பேரி மரங்களும் ஒரு புல்தரையும்

1

இந்த ஐப்பசியோடு நான் இலங்கைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் பூர்த்தியாகிறது. இதைக் கேள்விப்பட்ட துறையூர் நண்பர்கள், வெள்ளிவிழாவை முன்னிட்டு அக்கரை வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். தேயிலை, பனி, நீர்வீழ்ச்சி என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. என்னிடம் இப்போது இருப்பது ஒரு புல்தரை. காலையில் கதவைத் திறந்ததும் அதுதான் கண்ணில் படுகிறது. ஆகையால் அதைப் பற்றித்தான் எழுத வரும்.

புல்லை ஆடு மேயும், மாடு மேயும் என்பதுதான் நீங்கள் அறிந்தது. இங்கே அதை எதுவும் மேயக் கூடாது. வேறோர் இடத்தில் நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கிற புல்லைப் பத்தை பத்தையாக வெட்டி, லாரியில் ஏற்றி வந்து, வாசலில் பாய் விரித்தாற்போலப் பதிப்பார்கள். பிறகு அது வளர்ந்துவிடாமல் வாரா வாரம் வெட்டுவார்கள். துரைமார்களின் பங்களாக்களில் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது அதே பாய் என் வாசலில் கிடக்கிறது.

வீட்டைச் சுற்றிய மண்ணைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. ஊரில் எங்கள் கொல்லைப்புறத்து முருங்கை மரம் ஒன்றுக்காக என் தகப்பனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் பதினொரு வருஷம் முன்சீப் கோர்ட்டுக்கு நடந்தார்கள். நடுவில் ஒரு ஆடிக்காற்றில் மரம் விழுந்துவிட்டது. வழக்கு விழவில்லை. மரமே இல்லாத இடத்துக்குக் கோர்ட்டுக் கமிஷனர் வந்து, மரம் இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தை அளந்துகொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

2

நான் ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். ஆட்களின் பெயர்ப் பதிவு என் பொறுப்பு. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் எடுத்து, யார் எந்த மலைக்குப் போனார்கள், கொடுத்த வேலையை முடித்தார்களா என்பதெல்லாம் என் மேஜைக்கு வரும். முடித்தவனுக்கு ஒரு பேர். முடிக்காதவனுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை செய்ததாகப் பதிவு. இருபத்தைந்து வருஷத்தில் நான் போட்ட அரைப்பேர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பிதுருதலாகலை மலைக்குத் துணைமலை ஒன்று கிடைக்கும்.

காகிதத்திலேயே குடியிருந்த பலன் வீண்போகவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, வந்த நாள் முதல் நான் வைத்திருந்த ரசீது, சீட்டு, கடிதம் எல்லாவற்றையும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் வைத்தேன். விசாரித்த அதிகாரிக்குத் தும்மல் வந்துவிட்டது. உரிமை கிடைத்தது.

உரிமை கிடைக்கும் முன்பே, ஐம்பத்தொன்றில், நுவரெலியா ரோட்டோரத்தில் அரை ஏக்கரும் பழைய வீடும் வாங்கியிருந்தேன். ஒரு பறங்கிக் கிழவர் இருந்து செத்த இடம். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. எங்கோ இருந்த சகோதரி மகன் விற்றார். வீட்டோடு சேர்ந்து சன்னாசியும் வந்தான்.

சன்னாசி அந்தக் கிழவரின் காய்கறித் தோட்டக்காரன். மூலையில் ஒரு தகரக் கொட்டிலில் மனைவி, இரண்டு பெண்களோடு இருந்தான். லீக்ஸ், கோவா என்று இங்கே சொல்லுகிற முட்டைக்கோஸ், பீட்ரூட் போடுவான். எனக்குக் கொஞ்சம் கொடுப்பான், மிச்சத்தை நுவரெலியா மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் கொண்டுபோவான். முசிறிப் பக்கத்திலிருந்து ஏழு வயதில் யாரோ தோளில் வந்தவன். ஊர் எந்தத் திசை என்றுகூட அவனுக்குத் தெரியாது.

அவனும் மனுப் போட்டிருந்தான். எழுதியது நான். குடும்பஸ்தனாக இருந்தால் முப்பத்தொன்பதுக்கு முன்னிருந்தே இடைவிடாமல் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்துத் தொழிலாளி என்றால் பதிவேட்டில் பெயர் இருக்கும். சன்னாசி எந்தத் தோட்டத்திலும் பேர் கொடுத்தவனல்ல. கிழவர் காகிதம் எதுவும் வைக்கவில்லை. சாட்சி சொல்லக் கிழவரும் இல்லை. பெண்களின் பிறப்பைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பதிந்திருக்கிறான். அக்கம்பக்கத்தில் பழைய ஆள் யாருமில்லை.

இருந்தது ஐந்து பேரி மரம். லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம், முப்பத்தேழில், கிழவர் ராஜபக்தியில் கன்று வரவழைத்து இவன் கையால் நடச் சொன்னாராம். ஒவ்வொன்றும் இப்போது ஓர் ஆள் தொடைப் பருமன். சன்னாசி எந்த மரத்தில் எந்தக் கிளை எந்த வருஷக் காற்றில் ஒடிந்தது, எங்கே ஒட்டுக் கட்டினான் என்று விரலால் தொட்டுக் காட்டுவான். தழும்பும் அந்த இடத்தில் இருக்கும். மனுவில் அந்த ஐந்து மரங்களையும் ஒட்டுக் கட்டிய தழும்புகளையும் ஒரு முழுப் பக்கம் நான் வர்ணித்திருந்தேன். என் எழுத்தில் எனக்கே பிடித்த பக்கம் அது.

நாலு வருஷம் கழித்து, இந்த மார்ச் மாதத்தில் பதில் வந்தது. விசாரணை அதிகாரி அடுத்த மாதம் நேரில் வந்து மனுவில் கண்ட மரங்களைப் பார்வையிடுவார். கடிதத்தை நான் வாசித்துச் சொன்னதும் சன்னாசி அன்றைக்கே ஐந்து மரத்துக்கும் அடியில் களை எடுத்து, எரு வைத்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டைக் கூட்டுகிற மாதிரி இருந்தது.

3

அதே வாரத்தில் என் மகளிடமிருந்தும் கடிதம் வந்தது. செல்விக்குப் பதினான்கு வயது. நுவரெலியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் விடுதியில் இருக்கிறாள். கடிதம் இங்கிலீஷில்தான். அடியில் மட்டும் அம்மாவுக்காக ஒரு வரி தமிழ்; அந்த ஒரு வரியிலும் ‘நான் நலம்’ என்று எழுதுவதற்கு மூன்று இடத்தில் அடித்தல். விடுமுறையில் இரண்டு சிநேகிதிகள் நம் வீட்டுக்கு வருகிறார்கள், நம் வாசலில் கோவாப் பாத்தி இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது, எல்லார் வீட்டிலும் லான் இருக்கிறது, டாடி ஏதாவது செய்ய வேண்டும் என்பது சாராம்சம்.

என் மனைவி அந்த ஒரு தமிழ் வரியை மட்டும் வாசித்துவிட்டு, “அவ நல்லா இருக்காளாம்” என்று உள்ளே போய்விட்டாள். டாடியாகிய நான் புல்தரை போடும் கண்டிராக்டரைத் தேடிக்கொண்டு போனேன். புத்தகம் நிறையப் படித்து, மனித சுபாவத்தை எல்லாம் அலசிக் காயப்போட்டவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் ஒரு கடிதத்தில் அது போய்விட்டது.

கண்டிராக்டரின் பெயர் ஜோசப். ஏதோ பங்களாவில் தோட்டக்காரனாக இருந்து, துரை சீமைக்குப் போனபோது அவருடைய பழைய பழுப்புக் கோட்டையும் வர்ணப் படங்கள் உள்ள ஒரு விதைக் கம்பெனிப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவர். புத்தகத்தைத் திறந்து, ஒரு வெள்ளைக்கார வீட்டையும் அதன் முன் ஒரு நாயையும் காட்டினார். நாய் வேண்டாம், மற்றதெல்லாம் இதே மாதிரி செய்துவிடலாம் என்றார். கயிறு கட்டி, முளை அடித்து, என் வாசலை அளந்தார். கோவாப் பாத்தி போக வேண்டும். நாலு பக்கமும் தலைக்கு மேல் வளர்ந்து நின்ற கிழவர் காலத்துத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி, முழங்கால் உயரத்துக்கு வேலியாக்க வேண்டும். பேரி மரங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“காய் மரமெல்லாம் பின்னாடிதான் சார் நிக்கணும். முன்னாடி நின்னா கூலியாளுங்க குடியிருக்கிற லயம் மாதிரி தெரியும்.”

நான் கண்டிப்பாகச் சொன்னேன். மரங்களைத் தொடக் கூடாது, அரசாங்க அதிகாரி பார்க்க வருகிறார், ஒரு இலை உதிரக் கூடாது. ஜோசப் கோட்டின் மேல்பையிலிருந்து பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது. குறிக்கப்பட்ட விஷயம் நடந்துவிடும் என்று நம்புவது என் உத்தியோகத்தின் வியாதி.

4

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தரம் ஒரே மட்டமாக வெட்டி மொட்டையடிப்பது. அதற்கென்று கத்தி உண்டு, அதற்கென்று ஆட்கள் உண்டு. எங்கள் தோட்டத்திலேயே அந்த வேலை முடிந்து கை ஓய்ந்திருந்த மூன்று பேரை ஜோசப் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி வைத்தார். மூத்தவன் பெரியண்ணன். அவனுக்கு என்னைத் தெரியும். நான் போடும் பேரும் அரைப்பேரும் தெரியும்.

ஜோசப் அவர்களுக்கு நாள் வேலையாகக் கொடுக்க இருந்தார். நான்தான் குறுக்கிட்டேன். நாள் வேலை கொடுத்தால் வெற்றிலை போடுவார்கள், கணக்கு வேலை கொடுங்கள், ஆளுக்கு இத்தனை செடி, முடித்ததும் போகலாம் என்றேன். எனக்குத் தெரிந்த வித்தையை ஒரு அந்நியருக்குக் கற்றுக்கொடுக்கிற பெருமை. முதல் நாள் மாலை நானே வேலியைச் சுற்றி நடந்து எண்ணினேன். நூற்றறுபது செடி இருந்தது. பெரியண்ணனைக் கூப்பிட்டு, ஆளுக்கு அறுபது என்றேன்.

மூன்று அறுபது நூற்றெண்பது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபீசில் எப்போதும் அப்படித்தான் போடுவோம். மலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் ஆள் ஓரம் சாரம் விடாமல் முடிப்பான். சொன்ன தொகை குறைந்தால் அரைப்பேர் போடலாம். அது வேறு லாபம். இருபத்தைந்து வருஷம் யோசிக்காமல் செய்ததை அன்றும் யோசிக்காமல் செய்தேன்.

ஞாயிறு காலை ஜோசப் புல் கொண்டுவர லாரியோடு நுவரெலியாவுக்குப் போய்விட்டார். பேரி மரத்தைத் தொடாதே என்ற உத்தரவு அவர் புத்தகத்தின் ஓரத்தில் இருந்தது. அதுவும் அவரோடு போய்விட்டது. சன்னாசி கோவா மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். மனைவி கோயிலுக்கு. நான் தோட்டத்து ஆபீசில் மாதக் கடைசி ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் வீட்டுக்கு வந்தேன். வளைவில் திரும்பும்போதே வானம் அதிகமாகத் தெரிந்தது. வேலி ஒரே மட்டமாக முழங்கால் உயரத்தில் இருந்தது, அருமையான வெட்டு. கிழவர் காலத்து ரோஜாச் செடி பதினொன்றும் அதே மட்டம். ஹைட்ரேஞ்சியா நாலும் அதே மட்டம். ஐந்து பேரி மரங்களும் அதே முழங்கால் மட்டத்தில், ரம்பத்தால் அறுத்து, மேலே சாய்வாகச் சீவி, மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி கவ்வாத்து இலக்கணம் தவறாமல் நின்றன. வெட்டிய கிளைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிஞ்சுகள் ஒரு குவியலாகத் தனியே இருந்தன.

பெரியண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தான்.

“நூத்தியெம்பது சரியா இருக்குங்க. எண்ணிப் பாத்துக்குங்க.”

நான் மரங்களைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். ஏதோ குறை என்று அவனுக்குப் புரிந்தது. எந்தக் குறை என்று புரியவில்லை.

“தேயில நூத்தியறுபதுதாங்க இருந்துச்சு. குறைஞ்சா அரைப்பேருதானேங்க போடுவீங்க. அதான் கெடந்தத வச்சு நெரவிட்டோம். மரத்துக்குத்தாங்க நேரமாயிருச்சு. ராகலைக்குப் போயி ரம்பம் எரவல் வாங்கியாந்தோம்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வந்தது கணக்குத்தான். பதினொன்றும் நாலும் ஐந்தும் இருபது. கணக்கு பிசகாமல் இருந்தது.

மாலை பஸ்ஸில் சன்னாசி வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு ஒரு மரத்தண்டையில் போய், முன்பு தழும்பு இருந்த உயரத்தில் வெறும் காற்றில் கையை வைத்தான்.

“இன்ஸ்பெக்டரய்யா வந்தா எதைங்கய்யா காட்டுறது?”

5

அப்போதாவது அந்த அடிமரங்களை விட்டு வைத்திருக்கலாம். பருமனையாவது அதிகாரி பார்த்திருப்பார். ஆனால் ஜோசப் லாரியோடு வந்து இறங்கி, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றபோது, எனக்கு இருந்த ஆத்திரத்தில், இதெல்லாம் என் கண்ணில் படாமல் தொலைத்துவிடு என்று கத்தினேன். ஜோசப் அந்த உத்தரவை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றினார். இரண்டு நாளில் வேரோடு தோண்டி, குழியை மூடி, மேலே புல் பதித்து, நடுவில் வட்டமாக டேலியா வைத்தார். குற்ற உணர்ச்சியால் கூடுதல் சிரத்தையோடு செய்தார் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் இருந்த படம் அப்படியே வந்தது.

செல்வியின் சிநேகிதிகள் வந்தார்கள். வந்த அரைமணியில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து கேக் தின்று, இங்கிலீஷில் எதற்கோ சிரித்துவிட்டு, குடை பிடித்துக் கொண்டு காரில் ஏறிப் போனார்கள். புல்லை யாரும் மிதிக்கவே இல்லை. மறுநாள் காலை சன்னாசி தண்ணீர் வாளியோடு குறுக்கே நடந்தபோது, செல்வி ஜன்னலிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

“சன்னாசி, லான் மேல நடக்காத. சேறு ஒட்டுது.”

“சரிங்க பாப்பா” என்று அவன் ஓரமாக விலகிப் போனான். அந்த நிலத்தில் அவன் நடக்க ஆரம்பித்தபோது இவள் பிறக்கவில்லை. நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். இவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதில் நான் ஏதாவது தப்பாகப் பேசுவேன், இவள் திருத்துவாள் என்ற பயத்தில் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

6

அதிகாரி சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். நடுத்தர வயதுச் சிங்களவர், மரியாதையானவர். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். இந்த மாதிரிக் கதைகளில் அதிகாரி கொடியவனாக இருந்துவிட்டால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். இவர் எனக்கு அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை.

மனுவைத் திறந்து வைத்துக்கொண்டு மரங்கள் எங்கே என்று கேட்டார். சன்னாசி துவைத்த வேட்டி கட்டி, மனைவியையும் இரண்டு பெண்களையும் பின்னால் நிறுத்தியிருந்தான். புல்லின் விளிம்பு வரை போனான். அதற்கு மேல் கால் வைக்கவில்லை. அங்கிருந்தே கையை நீட்டி, ஒன்று அங்கே, ஒன்று டேலியாவுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்த முளைக்கு நேரே என்று ஐந்து இடத்தைக் காட்டினான். அதிகாரி பூட்ஸோடு புல்மேல் நடந்து ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று பார்த்தார். புல் எங்கும் ஒரே பச்சையாக இருந்தது.

நடந்ததை நான் விளக்கினேன். கவ்வாத்து, கணக்கு வேலை, நூற்றெண்பது. இங்கிலீஷில் சொல்லும்போது அது இன்னும் நம்ப முடியாததாகி விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பை மூடாமலே, தாழ்ந்த குரலில் என்னிடம், “நீங்கள் வெகுகாலம் இந்தப் பக்கத்தில் இருப்பவர், பிரஜை, பொறுப்பான உத்தியோகம். இந்த மனிதர் முப்பத்தெட்டிலேயே இங்கே இருந்தார் என்று நீங்கள் சத்தியக் கடுதாசி கொடுத்தால் நான் அதைச் சேர்த்துக்கொள்வேன்” என்றார்.

சன்னாசி நுழைவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்கு முன்பிருந்தே அந்த ரோட்டில் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். அந்த மேட்டில் ஓர் ஆள் மம்பட்டியோடு குனிந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது சன்னாசிதான் என்று எப்படிச் சத்தியம் செய்வது? நாளைக்கு யாராவது பொய்ச் சத்தியம் என்று கிளப்பினால்? எனக்குக் கிடைத்த உரிமைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லையே. இந்த யோசனைகள் எல்லாம் ஒரு நொடியில் ஓடின. அவற்றுக்கு நேர்மை என்று ஒரு பெயரும் அதே நொடியில் கிடைத்தது.

“நான் ஐம்பத்தொன்றில்தான் இந்த இடத்தை வாங்கினேன். அதிலிருந்துதான் எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் இதைச் சன்னாசிக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று நினைத்திருப்பார். சன்னாசி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். நான் அவனுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

காரில் ஏறுமுன் அதிகாரி திரும்பி, நல்ல புல், யார் போட்டது என்று கேட்டார். தம் வீட்டு வாசலுக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம். ஜோசப்பின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

7

ஆவணியில் பதில் வந்தது. குடியிருப்பு நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளப்பட்டது. வாசித்துச் சொன்னேன். சன்னாசி, “சரிங்க” என்றான். இரண்டு வாரம் கழித்து வந்து, முசிறிப் பக்கத்தில் மனைவியின் அண்ணன் இருப்பதாகவும், சர்க்கார் போகச் சொல்லுவதற்கு முன்னால் தாங்களே போய்விடுவது நல்லது என்று அவள் சொல்லுவதாகவும் சொன்னான். மச்சானுக்கு நிலம் இல்லை, கூலி வேலைதான். யாரிடமாவது தோட்ட வேலை கேட்கலாம், அதற்கு ஐயா ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றான். அங்கே லீக்ஸும் முளைக்காது, பேரியும் காய்க்காது என்று நான் சொல்லவில்லை.

எழுதினேன். தோட்டத்து ஆபீஸ் காகிதத்தில், என் கையெழுத்தும் முத்திரையும் வைத்து எழுதினேன். இதைக் கொண்டு வருகிற சன்னாசி முப்பத்தேழாம் வருஷம் முதல் இன்று வரை இடைவிடாமல் இந்த இடத்தில் குடியிருந்து வேலை செய்தவன், இதை நான் நேரில் அறிவேன், நாணயமானவன், ஐந்து பேரி மரங்களைத் தன் கையால் நட்டு வளர்த்தவன் என்று எழுதினேன். இந்த முறை யோசனை எதுவும் ஓடவில்லை. இந்தியாவில் காட்டுவதற்குத்தானே.

நாளை மறுநாள் அவர்களுக்குக் கப்பலேறத் தலைமன்னார் ரயில். நேற்று மாலை கடுதாசியைப் படித்துக் காட்டினேன். கைகட்டி நின்று முழுவதையும் கேட்டான். முகம் மலர்ந்தது. முத்திரையை விரலால் மெல்லத் தடவினான். அப்புறம் சற்று யோசித்தான்.

“இதையே அன்னைக்கு இன்ஸ்பெக்டரய்யாக்கிட்ட குடுத்திருக்கலாங்களேய்யா?”

அன்றைக்கு முத்திரை கையில் இல்லை என்றேன். அதையும் நம்பினான்.